வீட்டைப் பூட்டும் முன் தண்ணீரைப் பூட்டுவோம்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்களில் பயணம் தொடங்கிவிடும். தோட்டத்தில் இருப்பவர்கள் பட்டணத்திலுள்ள மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் புறப்படுகிறார்கள். பட்டணத்தில் குடியேறியவர்கள் தோட்டத்திலுள்ள தாய் தகப்பனைப் பார்க்கப் போகிறார்கள். தீபாவளி, தைப்பூசம், தோட்டத்து மாரியம்மன் திருவிழா என்று ஆண்டு முழுவதும் இந்தப் போக்குவரத்து உண்டு. சிலர் சேமித்து வைத்த பணத்தில் தமிழ்நாட்டுக்குப் போய் ஒரு மாதம் தங்கி வருவதும் உண்டு.

புறப்படும்போது நாம் என்னென்ன பார்க்கிறோம்? அடுப்பின் கேஸை அடைத்தோமா, சாமி விளக்கு அணைந்ததா, சன்னல்களைத் தாழிட்டோமா, பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று பார்க்கிறோம். இவையெல்லாம் நல்ல பழக்கங்கள். ஆனால் வீட்டிலுள்ள தண்ணீரை என்ன செய்தோம் என்று கேட்டுக்கொள்பவர்கள் மிகச் சிலரே. இன்று அதைப் பற்றித்தான் நாம் பேசப் போகிறோம்.

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கே இடமில்லை. லயத்து வரிசையின் ஓரத்தில் ஒரு பொதுக் குழாய் இருக்கும். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் முன் நம் அம்மாக்கள் வரிசை பிடித்து வாளிகளை நிரப்பிக்கொள்வார்கள். வீட்டுக்குள் தண்ணீர் என்றால் பீப்பாயில் இருப்பது மட்டுமே. குழாய் ஒழுகினாலும் அந்தத் தண்ணீர் வாய்க்காலில்தான் போகும், வீட்டுக்குள் வராது.

இன்றைய வீடு அப்படியில்லை. குழாய் சுவருக்குள் ஓடுகிறது. கூரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கழிவறையில் ஒரு சிறு தொட்டி, குளியலறையில் வெந்நீர்க் கருவி, சமையலறையில் துணி துவைக்கும் இயந்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய் போகிறது. நாம் ஊரில் இல்லாத நாளிலும் வெளிக்குழாயின் அழுத்தம் இரவு பகலாக இவற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒரு சிறு ரப்பர் வளையம் தேய்ந்து போனாலும் போதும், தண்ணீர் தன் வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். தோட்டத்தை விட்டு வந்து செராஸ் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் குடியேறிய புதிது. ஒரு நாள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தோம், காற்றுதான் வந்தது. அந்த நேரத்தில் தோட்டத்தில் பெரியப்பா காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தது. குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு, கட்டிய துணியோடு புறப்பட்டோம். பாத்திரம் கழுவும் தொட்டியில் சாப்பிட்ட தட்டு ஒன்று கிடந்தது. அன்றிரவே தண்ணீர் திரும்பி வந்திருக்கிறது. தட்டு வடிகால் ஓட்டையை மூடிக்கொள்ள, தொட்டி நிரம்பி, தண்ணீர் வீடு முழுவதும் பரவி, கீழ்வீட்டுக் கூரையில் சொட்டத் தொடங்கிவிட்டது.

கீழ்வீட்டில் ஒரு மலாய்க்கார மக்சிக் குடியிருந்தார். இரவெல்லாம் வாளி வைத்துப் பிடித்திருக்கிறார். மறுநாள் காலையில் யாரோ ஒருவர் மீட்டருக்குப் பக்கத்திலுள்ள வால்வை அடைத்த பிறகே தண்ணீர் நின்றது. அந்த வால்வு எங்கே இருக்கிறது என்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது. நாங்கள் திரும்பி வந்தபோது மக்சிக் எங்களைத் திட்டவில்லை. சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் என்று முதலில் ஆறுதல்தான் சொன்னார். பிறகுதான் பார்த்தோம், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகனின் புத்தகங்கள் வாசலில் விரித்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. திட்டியிருந்தால்கூட எங்களுக்கு அவ்வளவு வேதனையாக இருந்திருக்காது.

இந்த விஷயத்தில் குளிர்நாட்டு மக்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் மோட்டார் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடுகளைப் பலர் வைத்திருக்கிறார்கள். கோடையில் அதில் ஊர் சுற்றுவார்கள். குளிர்காலத்தில் அதை ஓரிடத்தில் நிறுத்திப் பூட்டிவிடுவார்கள். அந்தச் சிறிய வீட்டிலும் தண்ணீர்த் தொட்டி, குழாய், வெந்நீர்க் கருவி எல்லாம் உண்டு. தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது சுமார் 9 விழுக்காடு பெருக்கும். அதாவது 100 லிட்டர் தண்ணீர் 109 லிட்டர் அளவு இடத்தைக் கேட்கும். குழாயில் அந்த இடம் இல்லாததால் குழாய் வெடித்துவிடும். ஆகவே குளிர் வருமுன் அவர்கள் தொட்டியையும் வெந்நீர்க் கருவியையும் வடித்துவிடுவார்கள். குழாய்களில் எஞ்சிய தண்ணீரைக் காற்றால் ஊதித் தள்ளுவார்கள். அல்லது உறையாத ஒருவகைத் திரவத்தை நிரப்பி வைப்பார்கள். குளிர்காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் அலசி, கிருமிநாசினி விட்டுக் கழுவிய பிறகே அந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள்.

நம் நாட்டில் பனியும் இல்லை, குழாய் உறைவதும் இல்லை. ஆனாலும் அவர்கள் செய்யும் மூன்று வேலைகள் நமக்கும் பொருந்தும். போகுமுன் அடைப்பது, தேங்கியதை வடிப்பது, வந்ததும் அலசுவது ஆகியவையே அந்த மூன்று. அங்கே பகை குளிர் என்றால், இங்கே நமக்குப் பகை வெப்பம். வெப்பத்தில் தேங்கிய தண்ணீர் கெட்டுப்போகிறது, கொசுவை வளர்க்கிறது.

முதலில் நம் வீட்டில் தண்ணீர் வரும் வழியைத் தெரிந்துகொள்வோம். வெளிக்குழாயிலிருந்து வரும் தண்ணீர் மீட்டரைக் கடந்து வீட்டுக்குள் நுழைகிறது. மீட்டரை ஒட்டி ஒரு வால்வு இருக்கும். அதுதான் நம் வீட்டுத் தண்ணீரின் தலைவாசல். அங்கிருந்து ஒரு குழாய் தொட்டிக்கு ஏறுகிறது. தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. தண்ணீர் நிறைந்ததும் மிதவை மேலே எழுந்து குழாயின் வாயை அடைத்துவிடும். மிதவை பழுதானால் அதிகத் தண்ணீர் வழிந்து போக வெளியே ஒரு குழாய் விட்டிருப்பார்கள். அந்தக் குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால், மிதவையைப் பார்க்க வேண்டும் என்று தொட்டி நமக்குச் சொல்வதாக அர்த்தம்.

மறைவான ஒழுக்கைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தொட்டி நிறைந்திருக்கும் நேரத்தில் எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொட வேண்டாம். பிறகு மீண்டும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கு சிறிதுதானே என்று இருந்துவிடக் கூடாது. ஒழுகும் குழாயின் அடியில் 200 மில்லிலிட்டர் பிடிக்கும் தேநீர்க் கிளாஸ் ஒன்றை வையுங்கள். அது பத்து நிமிடத்தில் நிறைந்தால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 29 லிட்டர், 30 நாளைக்கு 864 லிட்டர் வீணாகிறது. 100 கேலன் தொட்டிகள் இரண்டில் கொள்ளும் அளவுக்கு இது சற்றுத்தான் குறைவு.

இனி, புறப்படும் நாளில் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறோம். பிள்ளைகள் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் நல்லது.

முதலாவது, வெந்நீர்க் கருவியின் மின் சுவிட்சை அணைக்க வேண்டும். தண்ணீரை அடைக்கும் முன் இதைச் செய்ய வேண்டும். தண்ணீர் இல்லாத கருவியில் மின்சாரம் பாய்ந்தால் கருவி எரிந்துபோகும்.

இரண்டாவது, மீட்டர் வால்வை அடைக்க வேண்டும். பல காலம் தொடாத வால்வு இறுகியிருக்கும். அதைப் பலங்கொண்டு திருகி உடைத்துவிடாதீர்கள். புறப்படும் நாளுக்கு முன்னதாகவே ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். அசையவில்லை என்றால் குழாய் வேலை தெரிந்தவரை அழைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, வால்வை அடைத்தாலும் தொட்டியில் தண்ணீர் நிறைய இருக்கும். ஒரு வாரத்துக்குள் திரும்புவதாக இருந்தால் அப்படியே இருக்கட்டும்; மூடி மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு மாதம் போவதாக இருந்தால் தொட்டியை வடித்துவிடுவது நல்லது. அந்தத் தண்ணீரை வீணாக்காமல் வீடு கழுவவும் துணி துவைக்கவும் பயன்படுத்திக்கொள்ளலாம். தொட்டியின் அடியில் சிறிது தண்ணீர் எப்படியும் தங்கும். ஆகவே வடித்த பிறகும் மூடி இருக்க வேண்டும். கொசு நுழைய ஒரு சிறு இடைவெளியே போதும்.

நான்காவது, வால்வை அடைத்த பிறகு வீட்டிலுள்ள ஒவ்வொரு குழாயையும் ஒருமுறை திறந்து பார்த்து, பிறகு எல்லாவற்றையும் நன்றாக அடைத்துவிட வேண்டும். தண்ணீர் வராத குழாயைத் திறந்தபடி விட்டுப் போவதே பெரிய ஆபத்து. எங்கள் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, வாளி, பீப்பாய், பூச்சாடி, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருக்கும் தட்டு, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்த சொம்பு ஆகிய எல்லாவற்றையும் காலி செய்ய வேண்டும். வாளியையும் பீப்பாயையும் உட்புறம் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். ஏன் தேய்க்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

ஆறாவது, ஒன்றை மட்டும் வடிக்கக் கூடாது. குளியலறைத் தரையிலுள்ள வடிகாலின் வளைவில் சிறிது தண்ணீர் நின்றால்தான் சாக்கடை நாற்றமும் கரப்பான் பூச்சியும் மேலே வராது. அங்கே ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் அந்தத் தண்ணீர் சீக்கிரம் வற்றாது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து, கல் ஒன்றைப் பாரமாக வைத்துவிடுங்கள். கழிவறை மூடியையும் சாத்திவிடுங்கள்.

இப்போது கொசுவைப் பற்றிச் சொல்வோம். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் தெளிந்த தண்ணீரையே அது விரும்புகிறது. தண்ணீர் நிற்கும் பாத்திரத்தின் ஓரத்தில், ஈரக்கோட்டுக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டி வைக்கிறது. அந்த முட்டை தண்ணீர் இல்லாமல் மாதக் கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாவதில்லை. மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கிறது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவேதான் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும் என்கிறோம். இரண்டு வாரம் பூட்டிய வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தால், நாம் திரும்பி வரும்போது கொசுக்கள் வளர்ந்து பறந்துகொண்டிருக்கும். அவை நம் வீட்டுப் பிள்ளைகளை மட்டுமா கடிக்கும்? பக்கத்து வீட்டுக் குழந்தையையும் கடிக்கும்.

2019-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1,30,101 பேருக்கு டெங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொசு வளர இடம் கொடுத்த வீட்டுக்காரருக்குத் தண்டமும் உண்டு. தண்டத்துக்கு அஞ்சியல்ல, உயிருக்கு அஞ்சியே நாம் இதைச் செய்ய வேண்டும். தண்ணீரைக் கொட்ட முடியாத பீப்பாயாக இருந்தால், 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் வீதம் அபேட் மருந்துமணலைப் போட்டு மூடி வைக்கலாம். ஊரிலிருந்து வந்த சில நாளில் யாருக்காவது திடீரென்று கடுங்காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு வலி கண்டால் உடனே கிளினிக்குக்குப் போங்கள். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளை நாமாகக் கொடுக்கக் கூடாது. அவை இரத்தக் கசிவை அதிகப்படுத்தும். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நிம்மதி அடையும் நேரத்தில்தான் ஆபத்து வருவதுண்டு. அப்போது வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு இவற்றில் எது கண்டாலும் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்து, ஊரிலிருந்து திரும்பிய பிறகு செய்ய வேண்டியவை. வால்வை மெதுவாகத் திறவுங்கள். ஒரேயடியாகத் திறந்தால் குழாயிலுள்ள காற்று அடைபட்டு, குழாய் படபடவென்று அதிரும். பழைய இணைப்புகள் விட்டுப்போகும். முதலில் வரும் தண்ணீர் செந்நிறமாக இருக்கலாம். அது குழாயின் துருவும் படிந்திருந்த வண்டலும் ஆகும். தெளியும் வரை அதை வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றுங்கள். சோறு வடிக்கவோ குழந்தைக்குப் பால் கலக்கவோ அந்தத் தண்ணீர் ஆகாது. தண்ணீர் சீராக வந்த பிறகே வெந்நீர்க் கருவியையும் துவைக்கும் இயந்திரத்தையும் இயக்க வேண்டும்.

பூவாளிக் குழாயை முதல் முறை திறக்கும்போது சன்னலைத் திறந்துவிட்டு, தண்ணீரைச் சில நிமிடம் ஓடவிட்டு, நாம் வெளியே நிற்பது நல்லது. வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் ஒருவகைக் கிருமி வளரும். அது நுண்ணிய நீர்த்திவலையோடு மூச்சில் கலந்தால் கடுமையான நுரையீரல் காய்ச்சலை உண்டாக்கும். 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் போர்வீரர்கள் பலர் நோயுற்று இறந்தபோதுதான் இந்தக் கிருமியை உலகம் தேடிக் கண்டுபிடித்தது. வயதானவர்களும் புகைபிடிப்பவர்களும் இதில் அதிகக் கவனமாக இருக்க வேண்டும்.

நெடுநாள் மூடியிருந்த தொட்டியை வெறுமனே நிரப்பிக் குடிக்கக் கூடாது. முதலில் வடித்து, சவர்க்காரம் போடாமல் தூரிகையால் தேய்த்து வண்டலை வெளியேற்றுங்கள். பிறகு கடையில் குளோரோக்ஸ் என்று கேட்டு வாங்கும் வெளுப்புத் திரவத்தில் வாசனை சேர்க்காததை வாங்குங்கள். அது 5 விழுக்காடு வலிமை உள்ளதானால், 100 கேலன் தொட்டிக்கு, அதாவது சுமார் 450 லிட்டருக்கு, 450 மில்லிலிட்டர் போதும். தொட்டி கால் பங்கு நிறைந்ததும் அதை ஊற்றி, பிறகு முழுவதும் நிரப்புங்கள். ஒவ்வொரு குழாயிலும் அந்த வாடை வரும் வரை திறந்து பார்த்து அடைத்துவிடுங்கள். ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியே இருக்கட்டும். அதற்குள் பிள்ளைகள் தெரியாமல் குடித்துவிடாதபடி குழாய்களில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். பிறகு முழுவதையும் வடித்து, வாடை நீங்கும் வரை புதுத் தண்ணீரால் அலசுங்கள். இந்தத் திரவத்தைக் கழிவறை கழுவும் அமிலத்தோடு எக்காரணத்தைக் கொண்டும் கலக்கக் கூடாது, நச்சுக்காற்று எழும்பும். கூரைக்கடியில் ஏறும் வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும். ஏணியைப் பிடிக்க ஒருவர் கட்டாயம் கீழே நிற்கட்டும்.

பயணம் போகாதவர்களுக்கும் இந்தப் பாடம் உதவும். தண்ணீர் நிற்பது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1998-இல் மழை பொய்த்து லங்காட் அணையில் நீர் குறைந்தபோது செராஸ், காஜாங், உலு லங்காட் வட்டாரங்களில் மாதக் கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. 2014-இல் பிப்ரவரி மாத இறுதியில் தொடங்கி மீண்டும் பங்கீடு வந்தது. 2020 செப்டம்பரில் ஆற்றில் கழிவு கலந்ததால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. சுமார் 12 இலட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. இப்படிப்பட்ட நாளில் ஒருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்குக் குறைந்தது 6 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளுக்கு 90 லிட்டர் வேண்டும். அதை மூடியுள்ள பாத்திரத்தில் பிடித்து வையுங்கள். தண்ணீர் வந்ததும் மிஞ்சியதைப் பயன்படுத்தித் தீர்த்து, பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிடுங்கள். தண்ணீர் நின்றிருக்கும்போது வெளியே போனால் குழாய் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து அடைத்துவிட்டுப் போங்கள்.

நேயர்களே, இன்று மாலையே ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டிலுள்ள பெரியவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் மீட்டர் வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருகினால் அடையும் என்று காட்டட்டும். பிள்ளைகள் இந்த ஆறு வேலைகளையும் ஓர் அட்டையில் எழுதிக் கதவின் பின்புறம் ஒட்டட்டும். எங்கள் வீட்டுக் கதவில் அப்படி ஓர் அட்டை இருக்கிறது. கீழ்வீட்டு மக்சிக்கிடம் எங்கள் வால்வு இருக்கும் இடத்தையும் காட்டியிருக்கிறோம். நாங்கள் ஊருக்குப் போகும்போது அவரிடம் சொல்லிவிட்டே போகிறோம். அவர் போகும்போது எங்களிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.

அடுத்த முறை சாவியைக் கையில் எடுக்கும்போது தண்ணீரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.